7 மணி நேரத்துக்கு 350 ரூபாயா?

வாசகர் கேள்வி:

எனக்கு 34 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் கிராமம். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன், இரண்டாவது குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். சின்ன வயதில் அத்தையிடம் கற்றுக்கொண்ட கை எம்பிராய்டரியை 4 வருடமாக மறுபடி செய்துவருகிறேன். குழந்தையின் பெயர் போட்ட ஹூப் (வட்டச் சட்டத்தில் இழுத்து மாட்டிய எம்பிராய்டரி), தலையணை உறை, கைக்குட்டை என்று சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் கொடுத்தேன். இப்போது வெளியாட்களும் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். காடா துணியில் (வெளுக்காத பருத்தித் துணி) போடும் 6 அங்குல ஹூப் ஒன்றுக்குப் பொருள் செலவு 140 ரூபாய், தைக்க 7 மணி நேரம் ஆகிறது. அதை 350 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். அதுவே அதிகம் என்கிறார் நாத்தனார். இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கி விற்கலாமா? ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சத்துக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கலாம் என்கிறார் கணவர், அது சரியா? தொழில் என்று ஆக்கிவிட்டால் இதில் இருக்கும் ஆசை போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. நான் செய்த 12 ஹூப்களின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

12 படங்களையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். கை சுத்தமாக இருக்கிறது. கோடாக ஓடும் காம்புத் தையல் எங்கும் துணியை இழுக்கவில்லை. இடத்தை நிரப்பும் சாட்டின் தையலில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படுத்திருக்கின்றன. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் 11 வருடம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்து, எம்பிராய்டரி சாம்பிள்களைத் தினமும் புரட்டிப் புரட்டிப் பார்த்தவள் நான். அதற்கப்புறம் 9 வருடமாகக் கோவையில் கை எம்பிராய்டரிக்கென்றே 5 பெண்களோடு ஒரு சின்ன யூனிட் நடத்துகிறேன். உங்களுடையது காசு கொடுத்து வாங்கத் தகுந்த வேலை. அதில் சந்தேகம் வேண்டாம்.

நகை விஷயம் அவசரம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெஷினுக்காக நகையை வைக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ராத்திரி குழந்தைகள் தூங்கினதும் நீங்கள் குனிந்து உட்கார்ந்து தைப்பதைப் பார்க்கிறவர் அவர்தானே. ஆனால் நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று யோசியுங்கள். பஸ் ஏறினால் திருப்பூர். அங்கே வரிசையாகப் பல ஊசித் தலைகள் வைத்த எம்பிராய்டரி மெஷின்கள் ஷிப்ட் போட்டு ஓடுகின்றன. ஒவ்வொரு தலையும் நிமிடத்துக்கு 600 முதல் 1000 தையல் வரை போடும். ஜாப் ஒர்க் (மற்றவர்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை) கூலியையே ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்றுதான் அங்கே பேசுவார்கள். ஒரே ஒரு தலை உள்ள மெஷினை வீட்டில் வைத்துக்கொண்டு அவர்களோடு விலையில் மோத முடியாது. மெஷின் சும்மா நிற்கும் மாதத்திலும் நகைக்கு வட்டி ஓடும். அது மட்டுமில்லை, இப்போது உங்களைத் தேடி வருகிறவர்கள் கையால் போட்டது என்பதற்காகத்தான் வருகிறார்கள். மெஷின் வந்த அன்றே நீங்கள் விற்பது வேறு பொருளாகிவிடும். நாளைக்கு ஏதாவது ஒரு பள்ளியோ கடையோ பெயர் போட்ட 200 துண்டு கேட்டால், டிசைனைக் கொடுத்துத் திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஜாப் ஒர்க்காகப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்காக மெஷின் உங்கள் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

இனி விலைக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

350 ரூபாய் அதிகம் என்கிறார் நாத்தனார். கணக்கைப் பார்ப்போம். ஹூப், துணி, நூல், பின்பக்கம் ஒட்டும் ஃபெல்ட், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 140 ரூபாய் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 210. தைக்க 7 மணி நேரம். அதோடு வாட்ஸ்அப்பில் பேசியது, டிசைன் வரைந்தது, படம் எடுத்தது, பேக் பண்ணி கொரியருக்குக் கொண்டுபோனது எல்லாம் ஒன்றரை மணி நேரமாவது இருக்கும். அதை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 210 ரூபாயை எட்டரை மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 25 ரூபாய்கூட வராது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் புதிதாகப் போகிற பெண்கூட ஒரு ஷிப்டுக்கு இதைவிட நன்றாகவே வாங்கும். உங்கள் கைக்கு 4 வருடப் பழக்கம் இருக்கிறது.

அடுத்த 5 ஹூப்புகளுக்கு ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, ஊசியை எடுக்கும் நேரத்தையும் வைக்கும் நேரத்தையும் எழுதுங்கள். பால் காய்ச்ச எழுந்தால் நிறுத்துங்கள், திரும்பி உட்கார்ந்ததும் மறுபடி எழுதுங்கள். எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஆனது என்றும் குறியுங்கள்: பெயருக்கு இவ்வளவு, இலைக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு. எங்கள் யூனிட்டில் எந்தப் புது டிசைன் வந்தாலும் முதல் மூன்று பீஸை இப்படித்தான் தைக்கிறோம். நேரம் எங்கே போகிறது என்பது நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கும். உங்கள் ரோஜா ஹூப்பைப் பார்த்தாலே தெரிகிறது. ஒவ்வொரு இதழையும் ஒற்றை இழையில் சாட்டின் தையலால் முழுசாக நிரப்பியிருக்கிறீர்கள். ஏழு மணி நேரத்தில் பாதிக்குமேல் அந்த மூன்று ரோஜாவுக்கே போயிருக்கும். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது நடுவில் உள்ள பெயரை. இதழின் ஓரத்தை மட்டும் இரண்டு இழைக் காம்புத் தையலில் ஓட்டி, நடுவில் நாலைந்து பிரெஞ்சு நாட் முடிச்சு வைத்தால் அதே ரோஜா இன்னும் லேசாக, இன்னும் அழகாக வரும். அந்த ஹூப் மூன்று மணி நேரத்தில் முடியும்.

இப்போது விலை போடுங்கள். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 80 ரூபாய் என்று தொடங்குவோம். பழகப் பழக ஏற்றிக்கொள்ளலாம். 3 மணி நேரத் தையல், டிசைன் எளிதானதால் மற்ற வேலைக்கு 1 மணி நேரம்: 320 ரூபாய். பொருளுக்கு 140. ஆக 460. நூல் வீணாவது, ஒன்றிரண்டு பீஸ் கெட்டுப்போவது இதற்கெல்லாம் 10 சதவீதம் சேர்த்தால் 506. விலை 550 என்று வையுங்கள், கொரியர் தனி. அந்த முழு ரோஜா ஹூப்தான் வேண்டும் என்கிறவருக்கும் இதே கணக்குதான்: எட்டரை மணி நேரத்துக்கு 680, பொருள் 140, மேலே 10 சதவீதம். 900 ரூபாய். இரண்டும் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். பெரும்பாலானவர்கள் 550 ரூபாய்ப் பொருளை எடுப்பார்கள். 900 ரூபாய்க்கு எடுக்க ஒருவர் வந்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

"ஏனுங்க்கா, நூலு பத்து ரூபாதானுங்களே, இதுக்குப் போயி இத்தனையா?" என்று கேட்பார்கள். கண்டிப்பாகக் கேட்பார்கள். வாதாட வேண்டாம், முகம் வாடவும் வேண்டாம். "இதுக்கு எனக்கு நாலு மணி நேரம் ஆகுதுங்க. உங்க பட்ஜெட்டுக்குச் சின்ன ஹூப் ஒண்ணு இருக்குது, காட்டட்டுங்களா?" என்று கேளுங்கள். விலையைக் குறைக்காமல் பொருளைச் சின்னதாக்குவதுதான் வழி. சொந்தக்காரர்களுக்கு ஒன்று பரிசாகக் கொடுங்கள், இல்லையென்றால் முழு விலைக்குக் கொடுங்கள். பாதி விலை என்று ஒன்றை வைத்தால் ஊருக்கே அதுதான் விலை ஆகிவிடும். நாத்தனாருக்கு ஒரு ஹூப்பைப் பரிசாகவே கொடுத்துவிடுங்கள்.

சரி, எதை விற்பது?

நீங்கள் அனுப்பிய 12 படங்களில் 9 டிசைன்கள் இணையத்தில் எங்கும் கிடைப்பவை. ரோஜா, லாவெண்டர், பூவளையத்துக்குள் ஆங்கில எழுத்து. நன்றாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் இதையே போடுகிறவர்கள் இந்தியா முழுக்க இருக்கிறார்கள். இன்னும் 2 ஹூப்பில் கார்ட்டூன் பொம்மைகள். அவற்றை விற்பனைக்கு வைக்காதீர்கள். அந்த உருவங்களுக்குப் பதிப்புரிமை உண்டு. உரிமைக்காரர் புகார் கொடுத்தால் உங்கள் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள்.

பன்னிரண்டாவது படத்தில் நின்றுவிட்டேன். கிளுவை வேலி, அதன் ஓரத்தில் நிற்கும் செவலைக் கன்று. அதைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வேலி முள்ளை ஒற்றை இழையில் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்ன நேர்த்தையலாகப் போட்டிருக்கிறீர்கள். கன்றின் முதுகில் செங்கல் நிற இழையும் காவி இழையும் ஒரே ஊசியில் கோத்து ஓட்டியிருக்கிறீர்கள், அதனால் தோல் வெயிலில் மின்னுவது மாதிரி இருக்கிறது. இதை எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் போட்டிருக்க முடியாது. கொறங்காட்டை (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை) பார்த்து வளர்ந்த கை போட்டது இது. அம்மணி, உங்கள் கடைக்குச் சரக்கு இதுதான்.

காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஆறு மாதம் ஆகும்போது நிறம் மாறிச் சாம்பல் நிறத்துக்கு வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதையே குழந்தைக்கான ஜோடி ஹூப்பாகப் போடலாமே. பெயர் வைக்கும்போது செவலைக் கன்றும் பெயரும். முதல் பிறந்த நாளுக்கு அதே வேலி, அதே இடம், கன்று மட்டும் நிறம் மாறி, கொஞ்சம் வளர்ந்து நிற்கும். முதலாவதை வாங்கியவர் ஒரு வருடம் கழித்து இரண்டாவதைக் கேட்டு வருவார். கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஊரில் மாடு கட்டிய நினைப்பு அவர்களுக்கு இருக்கிறது, சுவரில் மாட்ட ஒன்றும் இல்லை.

இரண்டாவது பொருள், சீர்த்தட்டு மூடும் துணி. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தட்டு தட்டாகச் சீர் வைக்கிறோம். அதன்மேல் போடுவது கடையில் வாங்கிய பளபளா நெட் துணி. கைத்தறித் துணியில் ஓரத்தில் ஒரு கொடி, மூலையில் மணமக்கள் பெயர், தேதி என்று 5 அல்லது 7 துணி கொண்ட செட்டாகக் கொடுங்கள். ஓரக் கோடுகளுக்குப் பவானி ஜமுக்காளத்தின் பட்டை நிறங்களைப் பார்த்து எடுக்கலாம். கல்யாணம் முடிந்ததும் அந்தத் துணியைத் தூக்கிப் போட மாட்டார்கள், பீரோவில் எடுத்து வைப்பார்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஆர்டர் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இருக்காது. அந்த மாதங்களில் பெயர் இல்லாத பகுதிகளைத் தைத்து அடுக்கி வைத்துக்கொண்டால் முகூர்த்த மாதங்களில் பெயர் மட்டும் போட்டால் போதும்.

மூன்றாவதாக ஈரிழைத் துண்டின் மூலையில் சின்ன வேலைப்பாடு, 1 மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி. குறைந்த விலையில் ஏதாவது வாங்க நினைக்கிறவர்களுக்கு அது. தொடக்கத்துக்கு மூன்று பொருள் போதும். எல்லாம் செய்வேன் என்று சொல்கிற பக்கத்தில் ஒன்றும் ஞாபகத்தில் நிற்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் தோடர் எம்பிராய்டரியைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்பார்கள். அது நீலகிரித் தோடர் பெண்கள் துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடும் வேலை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரில் நாம் விற்கக் கூடாது. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் தங்கள் எம்பிராய்டரியை மீட்டெடுத்து 'பொர்கை' என்ற பெயரில் விற்கிறார்கள். முடிந்தால் ஒருமுறை அவர்கள் பொருட்களைப் பாருங்கள், பார்த்து அப்படியே போடுவதற்காக இல்லை. சொந்த மண்ணின் தையலை எப்படிப் பொருளாக்கியிருக்கிறார்கள், என்ன விலை போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக. கோவையில் இருக்கும் அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்துக்கும் ஒருநாள் போய்க் கைவினைப் பொருட்களின் விலைச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். 550 ரூபாய் என்று சொல்லும்போது வரும் தயக்கம் கொஞ்சம் குறையும்.

துணி, நூல் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் காடா துணியில் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல துணிதான், நம் பக்கத்துத் தறியிலேயே கிடைக்கிறது. ஆனால் தறியில் ஓட்டுவதற்காகப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே ஹூப்பில் மாட்டுங்கள். அப்படிச் செய்யாமல் தைத்தால், வாங்கியவர் முதல்முறை நனைக்கும்போது துணி சுருங்கும், நூல் சுருங்காது. பூவெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கும். ஹூப்புக்கு இது அவ்வளவாகத் தெரியாது, துண்டுக்கும் தட்டுத் துணிக்கும் உயிர்நாடி இதுதான்.

நூலின் சாயம் அதைவிட முக்கியம். யூனிட் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு கடையில் விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத சிவப்பு நூல் ஒரு பெட்டி வாங்கிவிட்டேன். அதில் 8 தலையணை உறை போட்டு அனுப்பினோம். பத்தாம் நாள் ஒரு வாடிக்கையாளர் படம் அனுப்பினார். வெள்ளை உறை முழுக்க ரோஸ் நிறம், பூ இருந்த இடத்தைச் சுற்றிச் சாயம் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. எட்டுப் பேருக்கும் நானே போன் பண்ணி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த நூல் வந்தாலும், அது ஆங்கர் கம்பெனி நூலோ வேறு எதுவோ, அடர் நிறமாக இருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்குள் மடித்து அழுத்தி ஒருநாள் வைக்கிறேன். துணியில் கறை விழுந்தால் அந்த நூல்கண்டு தொழிலுக்கு ஆகாது. நூல் கண்டின் நிற எண்ணையும் நோட்டில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கன்றைக் கேட்பார்கள். "ஏதோ செங்கல் கலர்" என்று ஞாபகம் வைத்திருந்தால் அதே நிறம் கிடைக்காது.

தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் வரைகிறீர்கள் என்றால், தைத்து முடித்ததும் பச்சைத் தண்ணீரில் முழுக்க நனைத்து அலசுங்கள். அலசுவதற்கு முன் இஸ்திரிப் பெட்டி பட்டால் அந்த நீலம் துணியிலேயே தங்கிவிடும்.

துணி வாங்க ஈரோடு கனி மார்க்கெட் வாரச் சந்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். திங்கள் ராத்திரியே தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடக்கும். முதலில் 10 மீட்டருக்கு மேல் வாங்காதீர்கள். கை எம்பிராய்டரி செய்கிறவர்கள் எல்லோருக்கும் நூலைப் பார்த்தால் வாங்கத் தோன்றும். எந்தப் பொருளுக்கு என்று சொல்ல முடியாத நூலை வாங்குவது முதலைக் கரைக்கும். மொத்தமாக 5,000 ரூபாயைக் கையிலிருந்து ஒதுக்குங்கள். அதற்கென்று ஒரு தனி சேமிப்புக் கணக்கு வைத்து, வருவதையும் போவதையும் அதிலேயே நடத்துங்கள். வீட்டுச் செலவும் நூல் செலவும் ஒரே கணக்கில் ஓடினால், லாபமா நஷ்டமா என்று வருடக் கடைசியிலும் தெரியாது.

இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்குங்கள், கூடவே வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக். இரண்டும் செலவில்லாதவை. படத்துக்கு ஸ்டுடியோ வேண்டாம். காலை வெயில் நேராக விழாத திண்ணை போதும். பிளாஷ் போடக் கூடாது, ஃபில்டர் கூடவே கூடாது. படத்தில் பார்த்த நிறம் கைக்கு வரும்போது இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். ஒரு படத்தில் உங்கள் கை ஹூப்பைப் பிடித்திருக்கட்டும், அளவு புரியும். ஒரு படம் பின்பக்கத்தைக் காட்டட்டும். பின்பக்கம் சுத்தமாக இருப்பது கைவேலை தெரிந்தவருக்கு உடனே தெரியும், மெஷின் வேலைக்கும் கைவேலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் அதுவே சொல்லிவிடும். தைப்பதை வீடியோ எடுத்துப் போடுங்கள், பின்னால் பாட்டு வேண்டாம், ஊசி துணியில் போய்வரும் சத்தமே போதும். விலையைப் படத்தின் கீழேயே தெளிவாக எழுதுங்கள். "விலைக்கு மெசேஜ் அனுப்பவும்" என்றால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள்.

பெயர் போடும் ஆர்டரைப் போனில் வாங்காதீர்கள். ஒரு பாப்பாவுக்கு 'யாழினி' என்று போட வேண்டியதை, எங்கள் யூனிட்டில் போனில் கேட்டு 'யாழிணி' என்று போட்டுவிட்டோம். ஒரு எழுத்துதான். பிரித்துப் பார்த்தோம், ஊசித் துளை வெள்ளைத் துணியில் வரிசையாகத் தெரிந்தது. முழுசாகப் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம், அதுவும் பெயர் வைக்கிற விசேஷத்துக்கு மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. அந்தப் பாப்பாவின் பாட்டி போனில் பேசிய குரலை இன்னும் மறக்க முடியவில்லை. இப்போதெல்லாம் பெயரை அவர்களே வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்ப வேண்டும், நாங்கள் அதைப் பென்சிலில் எழுதிப் படம் அனுப்புவோம், "சரி" என்று பதில் வந்த பிறகுதான் ஊசியை எடுப்போம்.

பாதிப் பணம் முன்பணம், மீதி அனுப்புவதற்கு முன். பெயர் போட்ட பொருளை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால், கையில் கொடுத்தபின் பணம் என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை.

பெரிய விற்பனைத் தளங்களுக்கு இப்போது போக வேண்டாம். அங்கே உங்கள் ஹூப்பின் பக்கத்திலேயே மெஷினில் போட்ட ஹூப் மூன்றில் ஒரு பங்கு விலையில் நிற்கும், வாங்குகிறவர் படத்தில் வித்தியாசம் காண மாட்டார். வெளிநாட்டுக்கு விற்க எட்ஸி என்ற இணையத் தளம் நல்ல இடம்தான். ஒரு பொருளைப் பட்டியலில் வைக்க 4 மாதத்துக்கு 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம் என்று அவர்களுக்குக் கட்டணம் உண்டு, ஏற்றுமதிக்கான ஐஇசி எண்ணும் எடுக்க வேண்டும். ஒரு வருடம் உள்ளூரில் நடத்திவிட்டு அதை யோசியுங்கள்.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்டீர்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால், வருட விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு விற்கும்போது சாதாரணப் பொருளுக்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கையால் செய்த கைவினைப் பொருட்களுக்கு மட்டும் 20 லட்சம் வரை விலக்கு கொடுத்திருக்கிறார்கள். பான் எண், ஈ-வே பில் என்று அதற்கு நிபந்தனைகள் உண்டு. அதனால் பெங்களூருக்கு முதல் பார்சல் போவதற்கு முன் ஓர் ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இப்போதே செய்துகொள்ளலாம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே முடியும், அரசு ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. அதே மாதிரி தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் நிறைய, பார்த்துச் செய்யுங்கள். பின்னால் கடனோ மானியமோ தேவைப்பட்டால் ஈரோட்டில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

வருமானம் எவ்வளவு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒருநாளைக்கு 3 மணி நேரம், மாதத்தில் 22 நாள் கிடைத்தாலே பெரிது. 66 மணி நேரம். மணிக்கு 80 ரூபாய் என்றால் 5,280 ரூபாய். அதுவும் அத்தனை பீஸும் விற்றால். முதல் மூன்று மாதம் இதில் பாதி வந்தால்கூட நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதற்கு மேலே போக இன்னும் வேகமாகத் தைப்பது வழியில்லை, கண்ணும் கழுத்தும் தாங்காது. மணிக்கூலியை ஏற்றலாம். இல்லையென்றால், கன்று டிசைனைத் துணியில் வரைந்து, தேவையான நூலை அளந்து சுற்றி, ஊசியோடும் தமிழில் எழுதிய செய்முறைத் தாளோடும் ஒரு கிட்டாகக் கொடுக்கலாம். ஒரு கிட் கட்ட அரை மணி நேரம் போதும். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் வகுப்பும் எடுக்கலாம். ஆசிரியையாக இருந்தவர் நீங்கள், அது உங்களுக்குப் புதிதில்லை.

கடைசியாக, ஆசை போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் போகத்தான் செய்யும். ஒரே பெயர் ஹூப்பை இருபதாவது தடவை போடும்போது, முதல் ஹூப்பில் இருந்த சந்தோஷம் இருக்காது. மூன்றாம் வருடம் எனக்கு ஊசியைப் பார்த்தாலே சலிப்பு வந்தது. அப்போதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விற்பனைக்கில்லாத ஒன்றைத் தைக்கிறேன். அதற்கு நேரம் எழுதுவதில்லை, படம் போடுவதில்லை, கேட்டாலும் கொடுப்பதில்லை. சில சமயம் அதிலிருந்துதான் அடுத்த வருட டிசைன் வருகிறது. நீங்களும் ஒரு ஹூப்பை அப்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செவலைக் கன்றை யாராவது விலைக்குக் கேட்டால், அதே மாதிரி இன்னொன்று போட்டுக் கொடுங்கள். முதல் கன்று உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கட்டும்.

5 ஹூப்புகளுக்கும் நேரம் எழுதி முடித்ததும் அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். கூடவே அந்தக் கன்று ஹூப்பின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அந்த இரண்டு நிற இழையை நடுவில் எங்கே முடிச்சுப் போட்டீர்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.